நமக்கேது கலை என்பவர்களுக்கு

எங்கள் கரையோர ஊரொன்றில், ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்காகப் பன்னிரண்டு பையன்கள், கம்பு தட்டி ஆடும் பொல்லடி பழகினார்கள். மூன்று கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, கடற்கரை மணலில். எழுபதைத் தாண்டிய அண்ணாவியார் ஒருவர் காசு வாங்காமல் வந்து பழக்கினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பொல்லின் சத்தத்தை வைத்தே எந்தப் பையன் பிசகினான் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் நிகழ்ச்சி நிரலில் இருந்து பொல்லடி வெட்டப்பட்டது. மார்க்கத்தில் இல்லாதது என்றார் ஒருவர். அந்தக் காலத்து ஆக்களின் வேலை, இப்போது எதற்கு என்றார் இன்னொருவர். பிள்ளைகளின் படிப்புக் கெடும் என்றார் மூன்றாமவர். அந்த நேரத்துக்குப் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள்.

பொல்லுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகும்போது அந்தப் பையன்களில் மூத்தவன் என்னிடம் கேட்டான்: "சேர், அப்ப எங்கட எண்டு என்னதான் இரிக்கி?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மூவருக்குமான மறுப்பும் இதுவே.

மூவரும் தனிமனிதர்கள் இல்லை. அவர்கள் சொன்னதுதான் இன்று கல்முனையில் இருந்து பொத்துவில் வரை பெரியவர்கள் பலரின் எண்ணம். கல்யாண வீட்டுப் பேச்சில், பெற்றோர் கூட்டத்தில், சில வேளை பள்ளிவாசல் பிரசங்கத்தில் இதைக் கேட்கிறோம். சாரம் ஒன்றே. கிழக்கு முஸ்லிமுக்கென்று கலை எதுவும் இல்லை. இருந்ததாகச் சொல்லப்படுவதெல்லாம் அறியாமைக் காலத்து மிச்சம், இளைஞர்கள் அதை மறப்பதே நல்லது என்கிறார்கள். எனக்கு நோவது இன்னொரு விஷயம். எங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் கொழும்புப் பத்திரிகையாளர் சிலரும் இதையே சொல்கிறார்கள். இவை அரபுமயமான ஊர்கள், இங்கே மண்ணின் பண்பாடு ஒன்றும் இல்லை என்று. எங்கள் மேல் அக்கறை உள்ளவரும் எங்களை வெறுப்பவரும் ஒரே வசனத்தைச் சொல்லும்போது, அந்த வசனத்தை நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கவியில் இருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஊர்களில் 'கவி' என்றால் புத்தகத்தில் அச்சாகும் கவிதை இல்லை. வாயில் பிறந்து வாயில் வளர்ந்த பாட்டு. வட்டையில் பரணில் இருந்து யானைக்கும் பன்றிக்கும் காவல் காத்தவன் இராத்திரியில் பாடியது. தூரத்துப் பரணில் இருந்தவன் பதில் பாடியது. பன் பாய் இழைத்த பெண்கள் சாயம் போட்ட பன்னை விரலிடுக்கில் ஓட்டிக்கொண்டே சொன்னது. நெல் குத்தும்போதும் பிள்ளையை ராராட்டும்போதும் வந்தது. களவெட்டியில் சூடு மிதிக்கும்போது அதற்கென்றே தனிச்சொற்கள் புழங்கின. அங்கே நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்றார்கள். என் மூத்தம்மா எழுத வாசிக்கத் தெரியாதவர். பாய் இழைக்கக் குந்தினால் அவர் வாயில் இருந்து வரும் கவிக்கு எல்லை கிடையாது. முற்றத்தில் ஆண்பிள்ளைகளின் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார். சத்தம் போன பிறகு விட்ட இடத்தில் இருந்து தொடங்குவார். அந்த இடைவெளியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். யாருக்குக் கேட்க வேண்டும், யாருக்குக் கேட்கக் கூடாது என்று தீர்மானிக்கும் உரிமையை அவர் தன் கையில் வைத்திருந்தார்.

இந்தக் கவிகளில் பெரும்பகுதி உரையாடல். மச்சான் ஒன்று சொல்வான், மச்சி திருப்பிச் சொல்வாள். அவள் வெட்கப்பட்டு மட்டும் நிற்கவில்லை. கிண்டல் செய்வாள், கணக்குக் கேட்பாள், சொன்ன சொல்லை மறந்தவனைத் திட்டுவாள், வர மாட்டேன் என்பாள். உம்மாவிடம் சொல்ல முடியாததைக் கவியில் சொல்வாள். பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணொருத்தி தன் மனதை உரத்துச் சொல்ல ஊர் ஒத்துக்கொண்ட வழி இது. வேறு வழி அவளுக்கு அதிகம் இருக்கவில்லை. கரையோர முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழிக் குடிமுறை இருப்பதையும், வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போவதையும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவதையும், பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருந்ததையும் மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து எழுதினார். அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. கவியில் பெண்ணின் குரல் இவ்வளவு நிமிர்ந்து நிற்பதற்கும் வீடு அவள் பேரில் இருந்ததற்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன். இது என் ஊகம்தான். கவி கேட்டு வளர்ந்தவர்கள் இதைச் சட்டென்று தள்ளிவிட மாட்டார்கள்.

இப்போது அந்த முதல் வசனத்துக்கு வருகிறேன், 'நமக்கேது கலை' என்பதற்கு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. அதனால்தான் மட்டக்களப்பு நாட்டார் பாடல் என்ற பெயரில் அச்சான தொகுப்புகளில் எங்கள் கவிகளும் கலந்து கிடக்கின்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் வழக்கறிஞர் தொழிலுக்கு நடுவே கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித்தேடிச் சேகரித்து நூலாக்கினார். சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல் 'கிராமத்து இதயம்' என்று தொகுத்தார். அதே சாய்ந்தமருதின் கவிஞர் அனார் கிழக்கிலங்கையின் காதல் கவிகளைத் தொகுத்து 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற தலைப்பில் 2013இல் சென்னையில் வெளியிட்டார். தமிழின் முக்கியமான நவீன பெண் கவிஞர்களில் ஒருவர் தன் மூத்தம்மாமாரின் வாயில் இருந்ததை வணக்கத்தோடு அள்ளி அச்சில் வைத்திருக்கிறார். இந்த நூல்களில் ஒன்றைக்கூடப் புரட்டாமல் 'நமக்கு ஒன்றும் இல்லை' என்று மேடையில் சொல்வது பெரியவர்களுக்கு அழகில்லை.

கவியோடு நிற்கவில்லை. சுன்னத்துக் கலியாணத்திலும் மாப்பிள்ளை அழைப்பிலும் பொல்லடி. சீனடி, சிலம்படி. பெண்களின் குரவை. றமழான் இரவுகளில் சஹர் நேரத்துக்கு எழுப்ப வந்த பக்கீர்மாரின் றபான், அவர்களின் பைத். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேறும் நாட்களின் கூட்டம். மருதமுனைத் தறியின் சத்தம். தறியையும் கலையில் சேர்க்கிறேன். சாறனின் கரையில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று முடிவெடுப்பவனைக் கலைஞன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மார்க்க வாதம் பாரமானது. அதை லேசாகக் கடந்து போவது எனக்கும் மரியாதை இல்லை, அதை நேர்மையாகச் சொல்பவருக்கும் மரியாதை இல்லை.

கவிஞர்களைப் பற்றிய எச்சரிக்கை குர்ஆனில் இருக்கிறது என்கிறார்கள். உண்மை. அந்த அத்தியாயத்துக்கே 'கவிஞர்கள்' என்றுதான் பெயர். அதே இடத்தில், அடுத்த வசனத்திலேயே விதிவிலக்கும் வருகிறது. ஈமான் கொண்டு நற்செயல் செய்து அல்லாஹ்வை அதிகம் நினைப்பவர்களும், அநீதி இழைக்கப்பட்ட பிறகு தம்மைக் காத்துக்கொண்டவர்களும் அந்த எச்சரிக்கையில் சேர மாட்டார்கள். எச்சரிக்கையை ஓதிவிட்டு விதிவிலக்குக்கு முன்னால் நிறுத்தினால் பிள்ளைகளுக்குப் பாதிதான் போய்ச் சேரும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் இப்னு தாபித் என்ற கவிஞருக்குப் பள்ளிவாசலிலேயே மேடை வைத்துக் கொடுத்தார்கள். பெருநாள் அன்று சிறுமியர் இருவர் ஆயிஷா நாயகியின் வீட்டில் பாடியபோது அபூபக்கர் (ரலி) கண்டித்தார்கள். விட்டுவிடுங்கள், இது பெருநாள் என்ற கருத்தில் நபியவர்கள் தடுத்தார்கள். பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளியில் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடியதை ஆயிஷா நாயகி பார்த்து முடிக்கும்வரை நபியவர்கள் நின்றார்கள். இவை மூலையில் கிடக்கும் செய்திகள் இல்லை, மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் தெரிந்தவை. ஈட்டி விளையாட்டைப் பள்ளிக்குள் பார்க்கலாம் என்றால் பன்னிரண்டு பையன்கள் பாடசாலை மைதானத்தில் பொல் தட்டக் கூடாதா?

எதிர்த்தரப்பில் நியாயமான பகுதியும் உண்டு. சில கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி வைத்து விடிய விடிய நடந்தவை முகம் சுளிக்க வைத்தன. சில பாட்டுகளில் ஆபாசம் இருந்தது. அதை நிறுத்தச் சொன்ன உலமாக்களோடு நான் நிற்கிறேன். ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதையாக, கூடாத பாட்டை நிறுத்தப் புறப்பட்டவர்கள் பாட்டையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் முன்னோர்களான ஆலிம்கள் இப்படிச் செய்யவில்லை. மாலை, மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழில் புதிது புதிதாக வடிவங்கள் செய்து, மார்க்கத்தைப் பாட்டில் வைத்தே வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) பெரும் மார்க்க அறிஞர். அறபுத்தமிழில் பாட்டெழுத அவர் கூசவில்லை. அவருடைய சீடர் பரம்பரை இலங்கையிலும் பரவியது. அவரை விட நாங்கள் மார்க்கம் தெரிந்தவர்களா?

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கவியை நிறுத்தியதால் ஊர் மௌனமாகிவிடவில்லை. அதே பையன்கள் இன்று தென்னிந்தியச் சினிமாப் பாட்டுக்கு டிக்டொக்கில் உதடசைக்கிறார்கள். அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. தடுக்க முடிந்ததைத் தடுத்தோம். அது எங்களுடையது என்பதால்தான் எங்களால் தடுக்க முடிந்தது.

2019க்குப் பிறகு இந்த விஷயத்தின் கனம் கூடிவிட்டது. அந்த ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்கு ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டுக்குள் பதுங்கியிருந்தவர்கள் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். குழந்தைகளும் பெண்களும் உட்பட 15 உடல்கள் எடுக்கப்பட்டன. ஊருக்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுப் பொலிசுக்கு அறிவித்தது ஊர்மக்களே. அது விரைவில் மறக்கப்பட்டது. நினைவில் நின்றது ஊரின் பெயர் மட்டும். அதன் பிறகு கொழும்புக்கு வேலை தேடிப் போன எங்கள் பிள்ளைகள் அடையாள அட்டையில் உள்ள முகவரியைக் காட்டத் தயங்கினார்கள். தங்களைப் பற்றிப் பத்திரிகையில், தொலைக்காட்சியில், பாராளுமன்றத்தில் எல்லோரும் பேசுவதைக் கேட்டார்கள். தாங்கள் பேச ஓர் இடமும் அவர்களுக்கு இருக்கவில்லை.

பேசியவனுக்கு என்ன நடந்தது? மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்றொரு கவிதைத் தொகுதியை 2017இல் வெளியிட்டிருந்தார். வன்முறையைக் கண்டித்த கவிதைகள் அதில் இருந்தன. 2020 மே மாதம் அதே புத்தகத்தைக் காரணம் காட்டி, தீவிரவாதம் பரப்பினார் என்று பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு கவிதைப் புத்தகத்துக்காக ஓர் இளைஞனின் வாழ்வில் மூன்றரை ஆண்டுகள் போயின. இதைக் காட்டி 'பார்த்தீர்களா, எழுதினால் இதுதான் கதி, பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்' என்றவர்களை எனக்குத் தெரியும். நான் நேரெதிராக வாசிக்கிறேன். ஒரு சமூகத்தின் கவிதையை நாடு வாசித்துப் பழகியிருந்தால், அதன் இளைஞன் எழுதிய வரியை வெடிகுண்டு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எங்கள் பாட்டு வெளியே கேட்காமல் போனதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அந்தக் காலத்திலேயே மாற்று உதாரணமும் நடந்தது. கோவிட்டில் இறந்தவர்களை அடக்கம் செய்ய விடாமல் எரித்த மாதங்கள் அவை. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளேயான குழந்தையொன்றை எரித்தபோது, கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் யாரோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். பிறகு இன்னொன்று. அடக்கத்துக்கு உடலைச் சுற்றும் கபன் துணியின் நிறம். முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். துணிகளை அகற்றினார்கள், திரும்பவும் கட்டினார்கள். மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாத அந்த வேலியை நான் கலை என்றே சொல்வேன். 2021 பெப்ரவரியில் எரிப்பு நிறுத்தப்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்தத் துணிகளும் அவற்றில் ஒன்று.

படிப்புக் கெடும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். இந்தக் கரையோரத்தில் படித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். 1960களில் பெரியநீலாவணையில் கவிஞர் நீலாவணனைச் சுற்றிக் கூடிய இளைஞர்களில் ஒருவரான எம்.ஏ. நுஃமான் பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். அவர் மொழிபெயர்த்த 'பாலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் கல்முனையில் இருந்தே வெளிவந்தது. பலஸ்தீனத்தின் துயரத்தைத் தமிழ்நாட்டு வாசகர் பலர் கல்முனை வழியாகவே முதலில் கவிதையில் படித்தார்கள். நீலாவணன் தமிழர், அவரோடு இருந்த மருதூர்க்கொத்தனும் நுஃமானும் முஸ்லிம்கள் என்பதையும் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கல்முனை என்றால் பிரதேச செயலக எல்லைச் சண்டையும் 2019 ஜூன் உண்ணாவிரதமும் மட்டுமே அவர்களுக்குத் தெரியும். கல்முனையில் இருந்து எழுதிய சோலைக்கிளி கிராமத்துப் பேச்சுச் சொற்களைக் கொண்டே ஈழத்து நவீன கவிதையின் போக்கை மாற்றினார். எங்கள் அரசியல் குரலைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோன எம்.எச்.எம். அஷ்ரப் சட்டத்தரணி, அமைச்சர், அதே நேரம் 'நான் எனும் நீ' எழுதிய கவிஞர். ஒலுவிலில் இன்று எங்கள் பிள்ளைகள் பட்டம் வாங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவருடைய முயற்சியில் வந்தது. கவி இவர்களில் யாருடைய படிப்பைக் கெடுத்தது?

நான் அதிகம் சண்டை பிடிக்க நினைப்பது நான்காவது ஆளோடு. அவர் அந்தப் பாடசாலையில் இருக்கவில்லை. அவர் கலைக்கு எதிரானவரும் இல்லை. பாரம்பரியத்தைப் பாதுகாப்போம் என்பவர். வருடத்துக்கு ஒருமுறை கலாசார விழா வைப்பார். பொல்லடிப் பையன்களுக்கு ஒரே நிறத்தில் சாறனும் தலைப்பாகையும் தைத்துக் கொடுத்து, பிரமுகரின் வாகனம் வரும் வரை வெயிலில் நிறுத்தி, அவருக்கு முன்னால் பத்து நிமிடம் தட்ட வைப்பார். படம் எடுப்பார்கள். பிரியாணிப் பார்சல் கொடுத்து அனுப்புவார்கள். பெண்பிள்ளைகள் பழைய கவியை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். அதில் வரும் பரணை அவர்கள் கண்டதில்லை. களவெட்டியை இயந்திரம் கொண்டுபோய்விட்டது. அறுத்துத் தூற்றிச் சாக்கில் கட்டும் வேலையை ஒரே இயந்திரம் சில மணி நேரத்தில் முடிக்கும்போது பொலிப்பாட்டுக்கு அங்கே என்ன வேலை? கவி தேய்ந்ததற்கு மௌலவிமாரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையில்லை. அது பிறந்த வேலைத்தலங்களே போய்விட்டன.

ஆகவே பழையதை அப்படியே ஒப்பிக்கச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. கவி எப்போதும் அன்றைய சங்கதியைத்தான் சொன்னது. பரணில் இருந்தவன் தன் பாட்டனின் காதலைப் பாடவில்லை, தன் காதலைப் பாடினான். அப்படியானால் இன்றைய பெண்ணுக்கும் பையனுக்கும் பாடப் பொருள் இல்லையா? 2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையிலேயே அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இன்று இருபதைத் தாண்டிவிட்டார்கள். சுனாமி வீடுகளில் வளர்ந்த அவர்களிடம் அந்தக் கடலைப் பற்றி ஒரு கவி உண்டா? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கிடைக்காமல் ஆண்டுக்கணக்காகக் காட்டுக்குள் பூட்டிக் கிடந்தன. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பிறகு பக்கத்துக் கரையைக் கடல் அரித்துத் தென்னைகளைச் சாய்த்தது. மீன்பிடிக் குடும்பத்துப் பையனொருவனுக்கு இதைவிட வேறென்ன பொருள் வேண்டும்? உம்மா மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போய், மூத்தம்மாவிடம் வளர்ந்த பெண்பிள்ளைகள் எங்கள் ஊரில் எத்தனை பேர். தொலைபேசியில் மட்டும் கேட்ட உம்மாவின் குரலுக்கு அவள் என்ன பதில் கவி சொல்வாள்? நான் அதைக் கேட்க ஆசைப்படுகிறேன். எனக்காக அவள் சொல்லத் தேவையில்லை. அவள் மனதில் கிடப்பது வெளியே வர ஒரு வழி வேண்டும். அந்த வழியை அவளுடைய மூத்தம்மாமார் ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒரு தூரத்துச் செய்தி. நியூசிலாந்தின் ஆதிக்குடிகளான மாவோரி மக்கள் தங்கள் மொழி பாட்டிமாரோடு செத்துவிடும் என்ற நிலையில் 1982இல் ஒரு வேலை செய்தார்கள். பாட்டிமாரைக் குழந்தைகள் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். மொழிக்கூடு என்று அதற்குப் பெயர். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1972இல், கூட்டாகப் பாடி ஆடும் அவர்களின் கலைக்குத் தேசிய விழா தொடங்கியிருந்தது. அங்கே குழுக்கள் பழைய பாட்டுகளோடு நின்றுவிடாமல் நிலம், சட்டம், அரசு என்று அன்றைய சங்கதிக்குப் புதுப்பாட்டுக் கட்டுகின்றன. 2024 நவம்பர் 14ஆம் திகதி, மாவோரி மக்களின் ஒப்பந்த உரிமையில் கை வைக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, ஹானா ரவ்ஹிட்டி மைப்பி கிளார்க் என்ற 22 வயது உறுப்பினர் அதன் பிரதியைக் கிழித்து 'ஹாகா' என்ற கூட்டு ஆட்டப்பாட்டைத் தொடங்கினார். மற்ற உறுப்பினர்களும் பார்வையாளர் கூடத்தில் இருந்தவர்களும் எழுந்து சேர்ந்தார்கள். சபை ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில் அந்தச் சட்டமூலம் தோற்றது. அந்த இளம்பெண் தனக்குக் குரல் வேண்டும் என்று யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் பழகியது சபையில் அவருக்கு உதவிற்று.

அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் ஊர்மக்களோடு உட்கார்ந்து கூத்தை மீளுருவாக்கினார்கள். பழைய கதையில் பெண் பாத்திரம் இப்படிப் பேசலாமா என்று அண்ணாவிமாரும் இளைஞர்களும் விவாதித்து மாற்றினார்கள். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, யுத்தத்துக்கு நடுவே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்து களிமண்ணும் நிறமும் கதையும் கொடுத்தது. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் இருக்கிற காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். இவ்வளவும் எங்கள் பக்கத்து வளவில் நடந்தவை.

பாடசாலைகளுக்கு ஒரு சொல். சாதாரண தரத்தில் அழகியல் பாடம் இருக்கிறது. தமிழ்மொழி மூலத்தில் சங்கீதம் என்றால் கர்நாடக சங்கீதம், நடனம் என்றால் பரதம் என்றே வழக்கமாகிவிட்டது. அவற்றில் எனக்குக் குறையில்லை. ஆனால் மருதமுனைப் பிள்ளைக்கும் அட்டாளைச்சேனைப் பிள்ளைக்கும் அவளுடைய மூத்தம்மாவின் கவியும் அவனுடைய மூத்தப்பாவின் பொல்லடியும் அழகியல் என்று எந்த வகுப்பறையும் சொல்லவில்லை என்றால், 'எங்கட எண்டு என்னதான் இரிக்கி' என்று அவர்கள் கேட்பதில் என்ன பிழை? தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கவி சொல்லும் பெண்களை, பொல்லடி அண்ணாவிமாரை, பக்கீர்மாரை வகுப்புக்கு அழைத்து மாணவர்களோடு உட்கார வைக்கட்டும். ஆய்வுக் கட்டுரை பிறகு எழுதலாம். அந்த மனிதர்கள் அதுவரை இருக்க மாட்டார்கள்.

உலமாக்களிடம் ஒரு வேண்டுகோள். எது கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். எது கூடும் என்பதையும் அதே மிம்பரில் இருந்து, அதே உரத்த குரலில் சொல்லுங்கள். ஹஸ்ஸானின் பெயரைப் பையன்கள் உங்கள் வாயால் கேட்கட்டும்.

பெற்றோரிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த சுன்னத்துக் கலியாணத்துக்கு ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கும் காசில் பாதியைப் பொல்லடி அண்ணாவியாருக்குக் கொடுங்கள். வீட்டில் மூத்தம்மா உயிரோடு இருந்தால், மகளின் கையில் இருக்கும் போனில் அவருடைய கவியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆண்கள் முற்றத்தை விட்டு வெளியே போய்விடுங்கள், அப்போதுதான் அவர் பாடுவார். மூத்தம்மா ஒரு கவி சொல்லி முடித்ததும், அதற்குப் பதில் கவியை உங்கள் மகள் சொல்லட்டும்.

அந்தப் பன்னிரண்டு பையன்களின் பொல்லுகள் சாக்கில் கட்டியபடி இன்னும் என் வீட்டு விறாந்தையில் இருக்கின்றன.